வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டே தொலைதூரப் படிப்பும் களப்பணியும்: எது செல்லும், எது சிக்கல்?

பேரணாம்பட்டு வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் பட்டதாரிகளுக்கான உதவித்தொகை வந்துகொண்டிருக்கிறது. மாதம் 600 கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,800 ரூபாய் வங்கியில் ஏறுகிறது. படிப்பு பி.ஏ. தமிழ், 2019-இல் பதிவு. இப்போது இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூர எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, சேர்ந்தாயிற்று. அந்தப் படிப்பில் களப்பணி கட்டாயம். குடியாத்தத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் வரச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, பஸ் சார்ஜ் மட்டும் தருவார்களாம்.

இது போக, ஊரில் மாலை நேரப் படிப்பு மையத்தில் தன்னார்வலராகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். அதற்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்கிறார்கள்.

வருடாந்திர சுய உறுதிமொழி கொடுக்கும் நேரம் நெருங்குகிறது. "படிக்கவில்லை, வேலையில் இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். படிப்பு தொலைதூரம், வேலை சம்பளமில்லாதது. அப்படியிருக்க எதை எழுதுவது, எதை மறைக்காமல் சொல்வது? அம்மா பீடி சுற்றுகிறார், பீடித் தொழிலாளர் கார்டு அவர் பேரில். வருமானச் சான்றில் அது சேருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டை அகழி பதில்:

சகோதரி, முதலில் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு வார்த்தையைத் திருத்திவிடுகிறேன். "படிக்கவில்லை" என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. விதி சொல்வது, பள்ளியிலோ கல்லூரியிலோ தினசரி சென்று படிப்பவராக இருக்கக் கூடாது என்று. தொலைதூரக் கல்வி, அஞ்சல் வழிக் கல்வி பயில்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே இக்னோ எம்.எஸ்.டபிள்யூ. உங்களுக்குத் தடையில்லை. தைரியமாக எழுதிக்கொடுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் தாளில்தான். தொண்டு நிறுவனத்தில் கேட்டால் நீங்கள் "எங்களிடம் முழுநேரப் பயிற்சி மாணவி" என்று லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில்தான் கொடுப்பார்கள். ஆனால் அந்த "முழுநேர" என்ற ஒரு சொல் போதும், அலுவலகத்தில் உங்கள் கோப்பைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே கடிதம் இப்படி இருக்கட்டும்: இன்ன பல்கலைக்கழகத்தில் தொலைதூர முறையில் எம்.எஸ்.டபிள்யூ. பயிலும் மாணவி, பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, வாரத்துக்கு இரண்டு நாள், ஊதியமின்றிக் களப்பணி செய்கிறார். நான்கு விவரமும் வேண்டும்: தொலைதூரம், பாடத்திட்டம், கால அளவு, ஊதியமின்மை. கடிதத்தை அவர்கள் கணினியில் அடிக்கும்போதே பக்கத்தில் நின்று வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்துக் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு மாற்றச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

பஸ் சார்ஜ் விஷயம் சின்னதாகத் தெரியும். அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் போடும் அதே பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்து மாதம் 1,500 என்று வங்கியில் போட்டால், பாஸ்புக் வரியில் "சம்பளம்" என்று விழும். உதவித்தொகை ஏறும் அதே கணக்கில் அது விழுந்தால் யாருக்கும் விளக்கம் சொல்லி மாளாது. பயண டிக்கெட்டை ஒட்டி, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு, செலவான தொகையை மட்டும் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். வவுச்சரின் நகல் உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.

இதைவிட ஆபத்தானது பி.எஃப். கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால், கணக்காளர் யாரையும் கேட்காமல் தன்னார்வலர்களையும் சேர்த்து யு.ஏ.என். எனும் பி.எஃப். உறுப்பினர் எண் எடுத்துவிடுவது உண்டு. ஆதார் நகல் கொடுத்த கையோடு அது நடந்துவிடும். உங்கள் பெயரில் நடப்பில் பி.எஃப். கட்டப்பட்டால் நீங்கள் வேலையில் இருப்பவர், அவ்வளவுதான். "நான் தன்னார்வலர்" என்ற பேச்சு எடுபடாது. ஆதார் நகல் கேட்டால், நகலின் மேலேயே "களப்பணி அடையாளத்துக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

மாலை மையத்தின் 1,000 ரூபாயைப் பொறுத்தவரை நான் ஒரேயடியாகச் சரி என்று சொல்ல மாட்டேன். தடை இருப்பது ஊதியம் பெறும் வேலைக்கும் சுயதொழிலுக்கும். மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலருக்குத் தரும் ஊக்கத்தொகை ஊதியம் அல்ல என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். அரசுத் திட்டத்தின் கீழ் உங்கள் பெயரில் வருகிறது என்றால், "வேறு அரசு உதவித்தொகை பெறவில்லை" என்ற வரியில் கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டும். இதற்கு ஒரே வழி, சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேட்பது. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். அடுத்த வருடம் அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார். ஒரு பக்கக் கடிதம், கீழே உங்கள் பதிவு எண், தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணமே வேண்டாம், சொல்லிக்கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் முதியோருக்குக் கற்பிக்கும் தன்னார்வலர் பணி இருக்கிறது. அதில் தொகையே கிடையாது, ஆகவே கேள்வியும் கிடையாது. எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் உங்களுக்கு அனுபவமாகவும் ஆகும்.

---

ஒடுகத்தூர் ரெவின்யூ பதில்:

வருமானம் பற்றி மட்டும் சொல்கிறேன். உச்சவரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், அது உங்கள் தனி வருமானம் அல்ல, குடும்ப வருமானம். அம்மாவின் பீடிக் கூலி கண்டிப்பாகச் சேரும். குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி. குப்பம் பக்கம் இதில் அடிக்கடி தவறு நடக்கிறது. கார்டு அம்மா பேரில், சுற்றுவது மகள் என்று பல வீடுகளில் ஓடுகிறது. அது உங்கள் வீட்டு விஷயம், ஆனால் கார்டு உங்கள் பெயருக்கு மாறினால் பீடிக்கும் பி.எஃப். உண்டு என்பதை மறக்க வேண்டாம். மேலே கோட்டை அகழி சொன்ன யு.ஏ.என். சிக்கல் அப்படியே வந்து சேரும். உதவித்தொகை ஓடும் மூன்று ஆண்டும் கார்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

கணக்கு எப்படிப் போடுவார்கள் என்றால், மாதம் 6,000-த்தை வைத்து 12-ஆல் பெருக்கினால் 72,000 வந்துவிடுகிறது. அதாவது வீட்டில் எல்லோருடையதும் சேர்த்து மாதம் 6,000-க்கு மேல் போகக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது அப்பாவின் கூலி, அம்மாவின் பீடி, தம்பியின் ஷூ கம்பெனிச் சம்பளம் எல்லாம் தனித்தனியாகக் கேட்பார். தம்பி ஆம்பூர் கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தத்தோடு 12,000 வாங்கிக்கொண்டு அதே குடும்ப அட்டையில் இருந்தால், சான்று வாங்கவே முடியாது. கல்யாணமாகித் தனியாகப் போன அண்ணன் பெயர் இன்னும் உங்கள் அட்டையில் இருந்தால் முதலில் அதைப் பிரித்துவிட்டு வாருங்கள். நிறைய பேருக்கு இங்கேதான் நின்றுபோகிறது.

இ-சேவையில் வாங்கிய பழைய வருமானச் சான்று கையில் இருக்கிறது, அதில் 96,000 என்று இருக்கிறது, இப்போது 60,000 என்று இன்னொன்று வேண்டும் என்று வருபவர்கள் உண்டு. உதவித்தொகைக்காகத் தொகையை இறக்கச் சொன்னால் எந்த வருவாய் ஆய்வாளரும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. உண்மையிலேயே வருமானம் குறைந்திருந்தால், உதாரணத்துக்கு அப்பா உடம்பு முடியாமல் வேலையை விட்டிருந்தால், ஆஸ்பத்திரி சீட்டோடு போய்ச் சொல்லுங்கள்.

---

காட்பாடி பெஞ்ச் பதில்:

புதிதாக விண்ணப்பிப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பேரணாம்பட்டு அக்காவுக்கு இது தெரிந்திருக்கும்.

மாதத் தொகை: பத்தாம் வகுப்பு தோல்விக்கு 200, தேர்ச்சிக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டத்துக்கு 600. மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது. பட்டதாரிக்கு மொத்தமாகக் கூட்டினால் 21,600 ரூபாய். பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், இடையில் புதுப்பித்தல் விடுபட்டிருக்கக் கூடாது. வயது 40-க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இத்திட்டம் இல்லை. காலாண்டு தொடங்குவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஏப்ரல் காலாண்டுக்கு என்றால் மார்ச் 31 அன்று ஐந்து ஆண்டு முடிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி முடிகிறவர் அடுத்த காலாண்டுக்குத்தான்.

ஐந்து ஆண்டு என்பது எந்தப் படிப்புக்கு என்பதில்தான் குழப்பம். பட்டத்தின் தொகை வேண்டுமென்றால் பட்டம் பதிவேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பிளஸ் டூ மட்டும் பதிந்து, டிகிரி முடித்ததும் அலுவலகப் பக்கமே போகாமல் இருந்தவருக்கு டிகிரி இல்லை என்றுதான் கணக்கு. பட்டம் கையில் வந்த வாரமே இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். புதுப்பித்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை; அடையாள அட்டையில் மாதம் அச்சாகியிருக்கும்.

மாவட்டம் பிரிந்ததையும் கவனியுங்கள். 2019-இல் பழைய வேலூர் மூன்றாகிவிட்டது. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி. குப்பம், வேலூர் தாலுகாக்காரர்கள் வேலூர் அலுவலகம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் பக்கம் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி என்றால் திருப்பத்தூர். அதற்கு முன் வேலூரில் பதிந்த ஆம்பூர்க்காரர்கள், பதிவு எந்த மாவட்டத்தில் காட்டுகிறது என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.

பரதராமி, கிறிஸ்டியான்பேட்டை மாதிரி எல்லையோர ஊர்ப் பிள்ளைகள் சித்தூரில் படித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ பாதுகாவலரோ 15 ஆண்டு தமிழ்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சித்தூர்ப் படிப்பு என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம், இருப்பிடச் சான்றைச் சரியாக வாங்குங்கள்.

இனி அக்காவின் தொலைதூரப் படிப்பு. சேரும்போது அசல் டி.சி.யை (மாற்றுச் சான்றிதழ்) சில பல்கலைக்கழகங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் அசல் டி.சி. காட்ட வேண்டும். ஆகவே புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் உதவித்தொகை வேலையை முடித்துவிட்டு, அப்புறம் டி.சி.யை அனுப்புங்கள். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால், பல்கலைக்கழகம் தரும் ரசீதும், சான்றொப்பம் இட்ட நகலும் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் "தொலைதூரக் கல்வி" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

---

பாலாற்றுக்கரை கேட்டது:

மேலே ஷூ கம்பெனி பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஆம்பூரில் இ.எஸ்.ஐ. பிடித்த கம்பெனியில் இருந்து ஆட்குறைப்பில் வெளியே வந்தவர், டிசைனிங் கோர்ஸ் சேரலாம் என்று இருக்கிறார். இந்த 600 ரூபாய் அவருக்கு வருமா? வேறு ஏதாவது உண்டா?

---

பெல் ரோடு பதில்:

அவருக்கு இந்தத் திட்டத்தைவிட இ.எஸ்.ஐ. வழிதான் பெரியது. அங்கே இரண்டு கதவு இருக்கிறது.

ஒன்று அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1-இல் தொடங்கி, அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். நடப்புக் காலத்துக்கு நீட்டிப்பு இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சராசரி நாள் கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. நாள் கூலி 400 என்றால் 200 வீதம் 90 நாளுக்கு 18,000. நிபந்தனை: வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்குச் சற்று முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பங்களிப்பு வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச். வேலை போய் 30 நாள் ஆன பிறகு கேட்கலாம். இணையத்தில் காப்பீட்டு எண்ணோடு உள்ளே போய்க் கேட்பு பதிய வேண்டும், ஆதாரும் வங்கி விவரமும் ஏற்ற வேண்டும்.

இதில் கவிழ்ப்பது எது தெரியுமா, ராஜினாமா கடிதம். கணக்கு முடிக்கும் நாளில் ஐந்தாறு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒன்று "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று இருக்கும். தானாக விலகியவருக்கு, ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேறியவருக்கு, ஓய்வு பெற்றவருக்கு இது கிடையாது. தாள் தாளாகப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எதுவும் எழுதாத தாளில் அறவே கூடாது. கம்பெனி இ.எஸ்.ஐ. தளத்தில் அவரை எந்தக் காரணத்தில் வெளியேற்றியது என்று கிளை அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005 ஏப்ரல் 1 முதல். தொழிற்சாலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ, வேலையில் ஏற்பட்டதல்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ பொருந்தும். முதல் 12 மாதம் கூலியில் 50 சதவீதம், 13 முதல் 24 வரை 25 சதவீதம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும். உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது: இதில் குறுகிய காலத் தொழிற்பயிற்சிக்கும் வழி உண்டு, கட்டணத்தை இ.எஸ்.ஐ.யே ஏற்கும். ஆகவே அவர் தன் கையிலிருந்து பணம் கட்டி டிசைனிங் கோர்ஸில் சேரும் முன், எந்தப் பயிற்சிக்கு ஒப்புதல் கிடைக்கும் என்று அங்கே கேட்டுவிடட்டும்.

இரண்டிலும் பயிற்சியில் இருப்பது குற்றமில்லை. புதிய வேலை கிடைத்த நாளோடு பணம் நிற்கும், அதைச் சொல்லியாக வேண்டும்.

மாநில உதவித்தொகையைக் கேட்டீர்கள். ஐந்து ஆண்டுப் பதிவும் 72,000 வரம்பும் பொருந்தினால் பிறகு விண்ணப்பிக்கலாம். இ.எஸ்.ஐ. பணம் வரும் மாதங்களில் இரண்டையும் ஒன்றாக வாங்க முயல வேண்டாம் என்பது என் யோசனை.

---

கோட்டை அகழி மீண்டும்:

பெல் ரோடு நன்றாகச் சொன்னார். பயிற்சி என்று வந்ததால், உதவித்தொகை வாங்குகிறவர்கள் குழம்பும் சில இடங்களைத் தொட்டுவிடுகிறேன்.

ஐ.டி.ஐ. தினசரி வகுப்பு, ஆகவே சேர்ந்தால் உதவித்தொகை நிற்கும். ரெகுலர் பி.எட். அப்படியே. "தொலைதூர பி.எட். சேர்ந்துவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு: அந்தப் படிப்பில் சேர ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும் அல்லது பயிற்சி பெற்ற, பணியில் உள்ள தொடக்கநிலை ஆசிரியராக இருக்க வேண்டும். வெறும் பி.ஏ.வை வைத்துக்கொண்டு சேர முடியாது, பணியில் இருப்பவருக்கோ உதவித்தொகை கிடையாது.

ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல், அழகுக்கலை, செல்போன் பழுதுபார்ப்பு என்று சில வாரப் பயிற்சி தருகிறார்கள். இலவசம், தங்கிப் படிக்கலாம். அது கல்லூரிப் படிப்பு அல்ல, பயமில்லை. பயிற்சி முடிந்து மானியக் கடனை வாங்கிக் கடை திறந்த நாளிலிருந்து நீங்கள் சுயதொழில் செய்பவர். அன்றே எழுதிக்கொடுத்து நிறுத்த வேண்டும். அம்மாவின் தையல் கடைக்கு உத்யம் எனும் சிறுதொழில் பதிவை மகள் பெயரில் எடுப்பதும், தொழிலாளர் நலவாரியத்தில் "தையல் தொழிலாளி" என்று அட்டை வாங்குவதும் இதே வகைதான். ஒரு அரசு அலுவலகத்தில் தொழில் செய்கிறேன் என்றும் இன்னொன்றில் வேலையே இல்லை என்றும் ஒரே ஆதார் எண்ணில் எழுதிக்கொடுத்தால் ஏதாவது ஒன்று பொய்யாகும்.

வேலூர் டவுனில் இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிக் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்து உதவுவதைச் சேவை என்று பலர் சொல்கிறார்கள். காசு வாங்காமல் செய்தால் உண்மையிலேயே பெரிய சேவை. லாட்ஜில் ரூம் எடுத்துக் கொடுத்து அறைக்கு இத்தனை என்று கமிஷன் ஜி-பேயில் வந்தால் அது தொழில்.

அப்ரண்டிஸ் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர்கள் பயிற்சியாளர்களே, தொழிலாளர்கள் அல்லர். அதை வைத்து "அப்போது உதவித்தொகையும் வாங்கலாம்" என்று வாதிடுவதை நான் ஏற்கவில்லை. நாள் முழுக்கப் பயிற்சி, மாதாமாதம் பயிற்சித் தொகை, அது 600-ஐவிடப் பல மடங்கு. தெரிவித்துவிட்டுப் போங்கள். வேலைவாய்ப்புப் பதிவு அப்படியே இருக்கட்டும், அதை ரத்து செய்ய வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. இலவசப் பயிற்சிக்குப் போவதற்குத் தடை இருக்குமோ என்று பயந்து நிற்பவர்களுக்கு: ஒரு தடையும் இல்லை. உதவித்தொகை வாங்குவதால் பதிவு மூப்பு போய்விடும் என்பதும் வதந்தி. பதிவு தொடரும், பரிந்துரையும் வரும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெகுலர் முதுகலையில் இடம் கிடைத்து, "உதவித்தொகை போய்விடுமே" என்று அதை விட்டுவிட்டுத் தொலைதூரத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய். முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரியிலோ வேறு அரசுக் கல்லூரியிலோ ரெகுலர் இடம் கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். உதவித்தொகையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுப்பது பத்து நிமிட வேலை.

---

பேரணாம்பட்டு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு ரெகுலர் வழியில்லை, வீட்டு நிலைமை அப்படி. தொலைதூரம்தான். உறுதிமொழிப் படிவத்தோடு எதையெல்லாம் சேர்த்துக் கொடுப்பது? படிவத்தில் "படிப்பு" என்று கேட்கும் இடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது.

---

காட்பாடி பெஞ்ச் பதில்:

அக்கா, ஒரு வரி போதும். "தொலைதூரக் கல்வி, எம்.எஸ்.டபிள்யூ., இணைப்பு பார்க்க" என்று எழுதுங்கள். இணைப்பாக இக்னோ சேர்க்கைக் கடிதத்தின் நகல், மாணவர் அடையாள அட்டை நகல், தொண்டு நிறுவனத்தின் களப்பணிக் கடிதம். மாலை மையம் பற்றி அலுவலகம் எழுத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும். வழக்கமானவை உங்களுக்குத் தெரியும்: வேலைவாய்ப்பு அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார், கடைசிப் பக்கம் வரை வரவு பதிந்த பாஸ்புக். பாஸ்புக்கை முந்தின நாளே வங்கியில் பதிந்துகொண்டு போங்கள், இயந்திரம் பழுது என்று திருப்பி அனுப்புவது சகஜம்.

கணக்கு பழைய சிண்டிகேட் வங்கியிலோ அலகாபாத் வங்கியிலோ திறந்தது என்றால், 2020-இல் கனரா, இந்தியன் வங்கிகளோடு இணைந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கும். அலுவலகப் பதிவில் பழைய குறியீடே இருந்தால் பணம் திரும்பிப் போகும். இன்னொன்று, இரண்டு ஆண்டு நீங்களாக எடுக்கவோ போடவோ செய்யாத கணக்கு செயலிழந்த கணக்காகிவிடும். உதவித்தொகை ஏறுகிறதே என்று எடுக்காமல் சேர்த்து வைப்பவர்களுக்கு இது நடக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறையாவது நூறு ரூபாய் எடுங்கள்.

எல்லாம் இரண்டு செட். ஒன்று கொடுப்பதற்கு, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வதற்கு. உறுதிமொழி கொடுக்கத் தவறினால் அடுத்த தவணையே வராது, ஆகவே கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

---

ஒடுகத்தூர் ரெவின்யூ பதில்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகள் யாராவது இந்தத் திரியைப் படித்தால், மேலே உள்ள கணக்கு உங்களுக்கு அல்ல. பதிவு செய்து ஓராண்டு போதும். பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் 600, பன்னிரண்டுக்கு 750, பட்டத்துக்கு 1,000, பத்து ஆண்டு வரை. 72,000 வரம்பும் வயது வரம்பும் இல்லை. தினசரிக் கல்லூரிப் படிப்பு கூடாது என்பதும் வேலையில் இருக்கக் கூடாது என்பதும் மட்டும் உங்களுக்கும் உண்டு.

---

பேரணாம்பட்டு வாசகி:

மிக்க நன்றி. களப்பணிக் காலம் நடுவில் நீண்டால் புதுக் கடிதம் வாங்க வேண்டுமா?

---

கோட்டை அகழி பதில்:

ஆமாம் சகோதரி. கடிதத்தில் உள்ள கடைசித் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கடிதம் வாங்கிவிடுங்கள், அதே நான்கு விவரத்தோடு. களப்பணி நாட்குறிப்பில் மேற்பார்வையாளர் வாராவாரம் கையெழுத்துப் போடுவார் அல்லவா, அந்தப் பக்கங்களையும் நகல் எடுத்து வையுங்கள். வாரம் இரண்டு நாள்தான் போனீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.